வலப்பக்கப் பதக்கங்கள்

ஆஸ்திரேலியாவில் எங்கள் யாரபின் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் கிளெனிஸ் லேசுப்பட்டவள் இல்லை. பின் சீட்டில் எவன் சூயிங்கம் ஒட்டினாலும் கண்ணாடியிலேயே பிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளை எட்டு வருடம் ஏமாற்றியிருக்கிறார்கள், பாவிகள்.

அவளுடைய ஒரே மகன் ரோரி சிறப்புப் படையில் இருந்தான். உயிரோடு இருந்தவரை பத்திரிகையில் அவன் முகத்தை மங்கலாக்கித்தான் போடுவார்கள். ஆப்கானிஸ்தானில் செத்த பிறகுதான் பளிச்சென்று முகம் வந்தது. எதிரியின் குண்டு, வலி தெரியாமல் போய்விட்டான் என்று ஓர் அதிகாரி அவள் சமையலறையில் உட்கார்ந்து, அவள் போட்ட டீயையும் குடித்துவிட்டுச் சொல்லிப் போனார்.

ரோரியோடு படையில் இருந்த டேன் மட்டும் அவளை மறக்கவில்லை. போரில் செத்தவர்களை நினைக்கும் ஆன்சாக் தினம் ஒவ்வொன்றுக்கும் பெர்த்திலிருந்து வண்டி ஓட்டி வருவான். விடியற்கால அஞ்சலிக்கு முன், ரோரியின் பதக்கங்களை அவள் கம்பளிச் சட்டையின் வலப்பக்கத்தில் குத்திவிடுவான். போருக்குப் போனவர்களுக்கு இடப்பக்கம், பறிகொடுத்தவர்களுக்கு வலப்பக்கம். மூட்டுவாதத்தில் அவள் விரல்கள் மடங்காது. அந்த ஊசியும் பொல்லாதது. "அசையாதீங்கம்மா" என்பான். அந்த அம்மாவில் அவள் வயிறு குளிர்ந்துபோகும்.

இந்த வருடம் அஞ்சலி முடிந்து எல்லோரும் ஊர்ப் படைவீரர் கிளப்புக்கு வந்தோம். வழக்கம்போல ரோரிக்கென்று ஒரு கிளாஸ் பீர் மேசையில், யாரும் தொடாமல். டேன் பின்முற்றத்தில் காசு சுண்டும் வட்டத்தில் நின்றான். அந்தச் சூதாட்டத்துக்கு வருடத்தில் அன்று மட்டும் தடையில்லை. அதே படையில் இருந்த விக் என்பவன் முதல்முறையாக வந்திருந்தான். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கிளெனிஸின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்களுக்குப் பெரிய மனசும்மா. டேன் கையாலயே பதக்கம் குத்திக்கிறீங்க. தவறிப் பட்டதுதான், இருந்தாலும் என் புள்ளைய சுட்டவனை நான் வாசப்படி ஏற விட்டிருக்க மாட்டேன்."

அவளுக்குத் தெரியும் என்றே நினைத்துவிட்டான் மனுஷன். தெரிந்திருந்தால் அவன் கையால் குத்திக்கொள்வாளா? அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் அவனுக்கு உறைத்தது. மெல்லக் கையை விட்டான்.

கிளெனிஸ் நேராக வட்டத்துக்குள் போனாள். மேலே போன காசுகள் விழுந்தன. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

"ரோரியைச் சுட்டது நீயா?"

புழுதியில் ஆள் தெரியவில்லை என்றான் டேன். மேலிடத்தில் வாயைக் கட்டிவிட்டார்கள் என்றான். சொல்லத்தான் ஒவ்வொரு வருடமும் வந்தானாம்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா உன்னைக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேன்டா. எட்டு வருஷமா என் நெஞ்சுல கைய வெச்சு ஊசி குத்தினியே, அப்பகூடவா வாய் வரலை?"

பதக்கங்களைக் கழற்றப் பார்த்தாள். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. பழக்கதோஷத்தில் டேன் கையை நீட்டியபடி முன்னால் வந்தான்.

"தொடாதே" என்றாள்.

நாங்கள் கழற்றிவிடுகிறோம் என்று எவ்வளவோ கேட்டோம். எங்களையும் நம்பவில்லை. யாரெல்லாம் தெரிந்தே பேசாமல் இருந்தோமோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அங்கே கத்தரியை எடுத்து, பதக்கங்களைச் சுற்றிக் கம்பளியையே வெட்டி எடுத்திருக்கிறாள்.

புதுச் சட்டை வாங்கிக்கொள் என்று சொன்னால் முறைக்கிறாள். வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்த அந்தச் சட்டையோடுதான் இப்போதும் பேருந்து ஓட்டுகிறாள்.