இந்தத் திரையில் கறை விழாதாம்

“இப்ப வர்ற மானிட்டருக்கு ஸ்கிரீன் சேவரே தேவையில்ல சார்” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். என்னிடம்! திருவானைக்காவலில் இத்தனை வருஷமாக டிடிபி கடை வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கிறவனிடம். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அன்றைக்குத் தலைக்கேறிய கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

தேவையில்லை என்று எனக்குத் தெரியாதா? என் கடையின் முதல் மானிட்டர் பின்பக்கம் புடைத்த பழைய டியூப் ரகம். ஒரே படத்தை நாள் முழுக்கக் காட்டினால் அதன் தடம் கண்ணாடியில் தங்கிவிடும். நானோ பத்திரிகை அடிக்கிற சாஃப்ட்வேரைக் கடை திறந்ததிலிருந்து பூட்டும் வரை மூடவே மாட்டேன். அதன் மெனு வரிசை திரையின் தலைமாட்டில் அப்படியே பதிந்துபோய், வேறு எதைத் திறந்தாலும் பின்னால் ஆவி மாதிரி நின்றது. அதற்குப் பயந்துதான் அடுத்த மானிட்டரில் ஸ்கிரீன் சேவர் போட்டேன். கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் இருந்தால் கலர் கலராகக் குழாய்கள் முளைத்துத் திரை முழுக்க ஓடும். புரூஃப் பார்க்க வந்த பெண் வீட்டார், மாப்பிள்ளையின் படிப்பைச் சரிபார்ப்பதை விட்டுவிட்டுக் குழாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் தட்டை மானிட்டர் வந்தது, அந்தத் தொல்லை ஒழிந்தது. இப்போது விலை கூடின ஓஎல்இடி என்று ஒன்று வந்து, மறுபடி கறை விழ ஆரம்பித்திருக்கிறது. என் சம்பந்தி வீட்டு டிவியின் மூலையில் ஒரு செய்திச் சேனலின் முத்திரை நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. ஆனால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பேங்க் என்று பார்க்கிற இடமெல்லாம் இருக்கிற சாதாரண மானிட்டருக்கு அந்தப் பயம் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது.

ஆனது என் அக்காவுக்கு.

அக்கா பொன்மலையில் ரயில்வே ஆபீஸ் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாள். நான் வாங்கி வரும் காய்கறியில் குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே தினமும் ஒருமுறை கீழே இறங்கி வருவாள். அப்படி வந்த ஒருநாள், மார்பில் கட்டி ஒன்று தட்டுப்படுகிறது என்று என் மனைவியிடம் சொன்னாள். ஊசி குத்திச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டர் எனக்குத்தான் போன் செய்தார். புற்றுநோய். எங்கேயாவது பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதுவும் சொல்ல முடியும் என்றார். “அவங்ககிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்” என்றும் சொன்னார்.

நானும் மனைவியும் கலந்து பேசி, சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். எந்த வீட்டிலும் செய்வதுதானே? “சாதாரணக் கொழுப்புக் கட்டிதான்க்கா. எடுத்துட்டா சரியாயிடும். அதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேன், எல்லாருக்கும் எடுக்கிறதுதான்” என்றேன். சரி என்று தலையாட்டினாள். மற்றபடி, மகளிடம் சொன்னேன். சம்பந்தியிடம் சொன்னேன். எதிர் வீட்டுக்காரர்களிடம், அவசரத்துக்கு உதவுவார்களே என்று, சொன்னேன். எல்லோரிடமும் ‘அக்காகிட்ட மூச்சு விட்டுடாதீங்க’ என்று கேட்டுக்கொண்டேன். அவர்களும் வாயைத் திறக்கவில்லை. ஆளாளுக்கு மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு மாடியேறிப் போய், அக்காவைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்துவிட்டு வந்தார்கள்.

ஸ்கேன் சென்டர் புத்தூர்ப் பக்கம். கவுண்ட்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்காவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் குனிந்து, “அவங்களுக்கு விஷயம் தெரியாதும்மா. அவங்க எதிர்ல அந்த வார்த்தையைச் சொல்லிடாத” என்றேன். “எங்களுக்குத் தெரியும் சார், கவலைப்படாதீங்க” என்றாள். நான் மெயிலில் அனுப்பியிருந்த பழைய சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விவரங்களை ஏற்றினாள். பெயர், வயது சரியா என்று நாங்கள் பார்ப்பதற்காக மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள். அப்போது பெயர், வயது மட்டும்தான் அதில் இருந்தது.

ஸ்கேன் முடிந்தது. அக்கா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லையே என்று எதிரில் இருந்த கடைக்குப் போய் டீ வாங்கிக்கொண்டு திரும்பினேன். கவுண்ட்டரில் ஆள் இல்லை. மானிட்டர் நாற்காலி வரிசையைப் பார்த்தபடியே நின்றது. அதில் பழைய ரிப்போர்ட் பளபளவென்று திறந்து கிடந்தது. மேலே அக்காவின் பெயர். கீழே தடித்த எழுத்தில், புற்றுநோயைச் சொல்லும் ‘கார்சினோமா’ என்ற ஆங்கிலச் சொல். அக்கா அதன் எதிரில், மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆபீஸ் ஃபைல் படிப்பதுபோல வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் இருந்த இன்னொருவரும் செல்போனை மடியில் வைத்துவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். “டீயா? குடு, ஆறிடப்போகுது” என்று வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் நான் போட்ட சத்தத்தில் உள்ளே ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட வெளியே வந்திருப்பார்கள். கவுண்ட்டர் பெண் ஓடி வந்தாள். “ஒரே நிமிஷம் சார், உள்ள கூப்பிட்டாங்கன்னு போனேன்” என்றாள். “ஒரு நிமிஷத்துல ஊரே படிக்கலாம்மா. ஒரு ஸ்கிரீன் சேவர் போட்டு வைக்கக்கூடவா தெரியாது?” என்றேன். அப்போதுதான் அந்த அடையாள அட்டைக்காரர் வந்தார். அங்கே கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பாம்.

“இப்ப வர்ற மானிட்டருக்கு ஸ்கிரீன் சேவரே தேவையில்ல சார். அது பழைய டியூப் மானிட்டருக்கு. இதுல எல்லாம் கறை விழாது.”

“நான் உங்க கண்ணாடியைப் பத்தியா கேட்டேன்? அதுல இருக்கிற ஆளைப் பத்திக் கேக்கிறேன்.”

“எழுந்திரிச்சா லாக் பண்ணிட்டுப் போகணும்னு சொல்லியிருக்கோம் சார். தடவைக்குத் தடவை பாஸ்வேர்டு அடிக்கணும்னு இவங்கதான் பண்றதில்ல.”

பழியைத் தூக்கி அந்தப் பெண் தலையில் போட்டுவிட்டார். இவர்கள் எல்லோருமே இப்படித்தான். பேங்க்கில் பணம் போடப் போனால் முன்னால் நின்றவரின் கணக்கு திரையில் விரிந்து கிடக்கிறது. பத்திரம் பதியப் போனால் எவர் வீட்டு எல்லையோ தெரிகிறது. கண்ணாடியில் தடம் விழுந்துவிடுமே என்று அந்தக் காலத்தில் பதறிப்போய்ப் படத்தை மறைத்தோம். மானிட்டருக்குக் காட்டிய அந்த மரியாதையில் கால்வாசியை மனுஷனுக்குக் காட்டினால் குறைந்தா போய்விடும்? இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். சொன்னதோடு விடவில்லை. கவுண்ட்டருக்குள் நுழைந்து, நானே செட்டிங்கைத் தேடிப் பிடித்து, ஒரு நிமிஷத்தில் ஸ்கிரீன் சேவர் வரும்படியும் திரும்பப் பாஸ்வேர்டு கேட்கும்படியும் வைத்தேன். எல்லோரும் வேடிக்கை பார்க்க, அந்த ஒரு நிமிஷம் நின்று, திரை கறுத்து நாடா நாடாவாகக் கலர் ஓடிய பிறகுதான் வெளியே வந்தேன். கவுண்ட்டர் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கிளம்பினோம். காவிரிப் பாலத்தில் வழக்கம்போல வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. அங்கேதான் அக்கா வாயைத் திறந்தாள்.

“நல்லா சண்டை போட்டே.”

“பின்ன என்னக்கா? உன் உடம்பு உன் சொந்த விஷயம். கண்டவனும் பாக்கிறதா?”

“கண்டவன்னா யாரு? அங்க உக்காந்திருந்தாரே, அவரா? அவர் என் பேரைப் படிச்சாலும் நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. உன் சம்பந்திக்குத் தெரியுமா?”

நான் ஆற்றைப் பார்த்தேன்.

“எதிர் வீட்டுல தெரியும். மாதுளம்பழம் எதுக்கு வந்துச்சுன்னு இப்பல்ல புரியுது. உனக்கு எப்பத் தெரியும்?”

“ஊசி குத்தி எடுத்த ரிசல்ட் வந்தப்ப.”

“அத்தனை நாளா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியல. அந்தப் பொண்ணு மறதியா விட்டுட்டுப் போனதாலதான் நான் பாத்தேன். அதைப் போய் அழ வச்சுட்டு வரே.”

“நீ பயந்துடுவேன்னுதான்க்கா...”

“பயந்தா என்னடா? என் உடம்பு, நான் பயந்துக்கிறேன். அதையும் நீதான் எனக்காகச் செய்யணுமா?”

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக ஒருமுறை எங்களைப் பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பிக்கொண்டார். எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. நல்லது நினைத்துச் செய்ததற்கு இதுவா பேச்சு என்று மனம் கொதித்தது. ஸ்கிரீன் சேவர் விஷயத்தில் நான் சொன்னது அத்தனையும் சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஸ்கேன் முடிவு வந்ததும் இருவருமாக டாக்டரிடம் போனோம். அவர் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அக்காவைத் தாண்டி என்னைப் பார்த்து, “அம்மா கொஞ்சம் வெளிய உக்காரட்டும் சார், நாம பேசிடலாம்” என்றார்.

அக்கா நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நான்தான் டாக்டர் பேஷண்ட். என்கிட்ட சொல்லுங்க” என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, “நீ வெளிய போய் உக்காருடா” என்றாள்.

போய் உட்கார்ந்தேன். கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே டாக்டரின் குரல் கேட்டது, என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை. அக்கா ஏதோ கேட்டாள். அவர் நீளமாகப் பதில் சொன்னார். வெளியே டோக்கன் கூப்பிடுகிற நர்ஸ்கூடக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டு வந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கும். என் கூடப் பிறந்தவளைப் பற்றி யார் யாருக்கோ தெரிகிறது, எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமில்லை. எழுந்து கதவுவரை போனேன். தட்டக் கை வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.