தானாகக் கிடைக்கும் என்று நம்பிய இடம்

என் மூத்த மகள் பூதப்பாண்டியில் மிடில் ஸ்கூல் முடித்தாள். நாகர்கோவில் ஹைஸ்கூலும் அதே நிர்வாகத்துடையது என்பதால், நான்காம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், இடம் தானாகக் கிடைக்கும் என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒருநாள் காலையில், வேறு பள்ளியில் படித்த பக்கத்து வீட்டுக் கமலம் பேனாவோடு வந்து, “ஏட்டி, சேர்க்கைப் பரீச்சைக்கு வரலியா?” என்று என் மகளைக் கேட்டாள். உடனே, ஈரத்தலையோடு நின்ற மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஹைஸ்கூல் தலைமையாசிரியை, “பேரு லிஸ்டுல இருக்கு. ஆனா நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் எழுதித்தான் ஆகணும். போ மக்கா, இரி” என்று உள்ளே விட்டார்.

பதற்றத்தில் கணக்கில் பாதியை விட்டுவிட்டாள். வகுப்பில் நடத்திய பாடமே மற்றக் கேள்விகளாக வந்ததால் பிழைத்தாள். இடம் கிடைத்தவர்கள் பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது.

இளையவளும் அதே மிடில் ஸ்கூலில்தான் படிக்கிறாள். இந்த வருஷம் பள்ளி திறந்ததுமே ஹைஸ்கூலுக்கு நேரில் போய்ப் பரீட்சை விவரம் கேட்டு வந்துவிட்டேன்.