கங்கம்மா மாற்றிச் சொன்னது

ராஜகீழ்ப்பாக்கத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு மாடி வீடு. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. சொந்த வீட்டிலேயே அடிபட்டு, வெளியே சொல்ல முடியாததெல்லாம் பட்டு, குழந்தைகள் நலக் குழு மூலமாக வந்த பெண்பிள்ளைகள் அங்கே தங்கி, பள்ளிக்கூடம் போய், கவுன்சிலிங் எடுத்துக்கொண்டு, மெல்ல மெல்லப் பயமில்லாமல் தூங்கப் பழகுவார்கள். கங்கம்மா அங்கே பிள்ளைகளைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிற ஹவுஸ் மதர்.

அந்தப் பேரைக் கேட்டால் அவளுக்கே சிரிப்பு வரும். "இன்னாமோ பெரிய ஆபீசர் மாதிரி கீது" என்பாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போய், மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு இங்கே வந்து சேர்ந்தவள். வாய் பெரிசு. கை அதைவிட வேகம். பிள்ளைகளுக்குள் சண்டை வந்தால் நடுவில் புகுந்துவிடுவாள்; யாருக்காவது ஜுரம் என்றால் தலைமாட்டை விட்டு நகர மாட்டாள். பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்திருந்தது. ஜெரூஷாவுக்கும்தான், அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

ஜெரூஷாவுக்குப் பதினைந்து வயது. கோவளத்துப் பெண். அம்மா மீன் விற்கிறவள். அம்மா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவன் குடித்துவிட்டு வந்து இவளைச் சுவரோடு சேர்த்து அமுக்கி அடிப்பான். கை வீங்கிய நிலையில் பள்ளிக்கூடம் போனதைப் பார்த்து ஒரு டீச்சர்தான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். வந்த புதிதில் பேச்சே இல்லை. பிறகு சமையலறைக்கு வந்து கங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். "இங்க உக்காந்தா மட்டும் நல்லாகீதுக்கா" என்று ஒருநாள் சொன்னாள். அதைக் கேட்டு கங்கம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

அந்தச் சனிக்கிழமை பகலில் மற்ற பிள்ளைகள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பாத்ரூமில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கங்கம்மா கதவைத் தட்டினாள். "யாரும்மா உள்ள? ஜெரூஷா?" பதில் இல்லை. போன மாதம்தான் இன்னொரு பெண் கையைக் கீறிக்கொண்டிருந்தாள். அந்த ரத்தம் கங்கம்மாவின் கண்ணிலேயே நின்றது. தோளால் மோதினாள், பழைய தாழ்ப்பாள், பிய்த்துக்கொண்டது.

ஜெரூஷா தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஏதோ மின்னியது. கங்கம்மா பாய்ந்து அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துச் சுவரோடு அழுத்தினாள். "குடு! குட்றீ அத்த!"

அந்தப் பெண் கத்தவில்லை. உதறவும் இல்லை. ஈரத்துணி மாதிரித் துவண்டு, கண்ணைக் கூரையில் நிறுத்திக்கொண்டாள். கையிலிருந்து விழுந்தது ஒரு ஹேர்பின். தலைக்குக் குளித்துவிட்டுப் புதுவிதமாக முடியைத் தூக்கிக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கத்தில் குரல் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

"பதறிப்போய்ப் பாயக் கூடாது, தொடாம பேசிட்டே இருக்கணும், என்னைக் கூப்பிடணும்" என்று கவுன்சிலர் சத்யபிரியா எத்தனையோ தரம் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் கங்கம்மாவுக்கு ஒன்றும் நினைவில்லை. எல்லாம் நினைவுக்கு வந்தது, ஜெரூஷாவின் மணிக்கட்டில் தன் விரல் பதிந்து சிவந்திருப்பதைப் பார்த்த பிறகு.

சத்தம் கேட்டு சத்யபிரியா வந்துவிட்டார். "என்ன ஆச்சு கங்கம்மா? கை ஏன் ரெட்டா இருக்கு?"

"வழுக்கி வுழுந்துட்டா மேடம். நான்தான் புட்ச்சுத் தூக்கினேன்."

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் தயாராக இருந்தது போல வந்துவிட்டது. ஜெரூஷா பக்கத்திலேயே நின்றாள். "அப்படியாம்மா?" என்று சத்யபிரியா கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்றைக்குக் கங்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெரூஷா உள்ளே வரவில்லை, நிலைப்படியிலேயே நின்றாள்.

"எங்கம்மாவும் நான் வுழுந்துட்டேன்னுதான் டீச்சராண்ட சொல்லுச்சு" என்றாள். கோபமில்லை அந்தக் குரலில்.

கங்கம்மா அரிவாள்மனையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். "வர்றியாம்மா? நீயும் கூட இரு" என்று கேட்டாள். ஜெரூஷா தள்ளியே பின்னால் வந்தாள். சத்யபிரியா முன்னால் போய், நாற்காலியில் உட்காராமல், "மேடம், அந்தப் பொண்ணு வுழல. நான்தான் புட்ச்சு சுவத்துல அமுக்கினேன். பொய் சொல்லிட்டேன்" என்றாள்.

சத்யபிரியா ஜெரூஷாவைப் பார்த்து, "இப்ப அவங்க சொல்றது கரெக்டா?" என்று கேட்டார். "ம்" என்றாள்.

கங்கம்மா அவள் பக்கம் திரும்பி, "தப்பு பண்ணிட்டேன்மா" என்றாள். "மன்னிச்சிடு" என்று கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பிள்ளை சரி என்று சொல்லியாக வேண்டுமே.

விஷயம் மேலே போயிற்று. ஜெரூஷாவின் பொறுப்பை வேறொருத்தியிடம் கொடுத்தார்கள். கங்கம்மாவை மறுபடியும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவள் அழுதபோது சத்யபிரியா, "போனா உங்களுக்கு நிம்மதி. அவளுக்கு, இன்னொரு ஆளும் விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு ஆகும்" என்றார். இருந்தாள். அதற்குப் பிறகு ஜெரூஷா சமையலறைப் பக்கமே வரவில்லை.

மழைக்காலம் முடிந்து ஜெரூஷாவின் அம்மா பார்க்க வந்தாள். முதல் சந்திப்பு. சத்யபிரியா கூட இருப்பார். வேண்டுமானால் இன்னொருவரையும் வைத்துக்கொள்ளலாம் என்றபோது ஜெரூஷா, "கங்கம்மாக்கா" என்றாள்.

ஏன் என்று கேட்டார் சத்யபிரியா.

"அவங்க சொன்ன பொய்ய அவங்களே மாத்திச் சொன்னாங்க இல்ல."

அந்த அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மகளைப் பார்க்கவே முடியவில்லை அவளால். கடைசியில், "இவ சின்னதுலருந்தே அங்க இங்க வுழுவா மேடம்" என்று ஆரம்பித்தாள். ஜெரூஷாவின் கண் மெல்லக் கூரைக்குப் போயிற்று.

கங்கம்மாவால் அந்த அம்மாவை வெறுக்க முடியவில்லை. அந்த வார்த்தை எவ்வளவு சுளுவாக வாயில் வரும் என்று அவளுக்குத் தெரியும். "நானும் அத்தத்தான்மா சொன்னேன், இவ கைய இறுக்கிப் புட்ச்சுட்டு" என்றாள். "அப்பால மாத்திச் சொன்னேன். நீயும் சொல்லலாம்மா."

அந்த அம்மா அன்றைக்குச் சொல்லவில்லை. அழுதுவிட்டுக் கிளம்பினாள். அடுத்து வந்தபோது, மகளைப் பார்க்குமுன் சத்யபிரியாவிடம் போய், "அவன் அடிப்பான் மேடம். நான் பாத்துக்கினுதான் இருந்தேன்" என்று சொன்னாளாம்.

ஜெரூஷா வீட்டுக்குத் திரும்பவில்லை. ப்ளஸ் ஒன் சேர்ந்து அங்கிருந்தே படிக்கிறாள். கங்கம்மாவைப் பார்த்தால் பேசுகிறாள். ஆனால் பக்கத்தில் வந்து உட்காருவதில்லை. கங்கம்மா கூப்பிடுவதுமில்லை. புதுசாக ஒரு பிள்ளை வந்து சேரும்போதெல்லாம், தொடக் கிளம்பின கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு தள்ளி நின்று, "சாப்டியாம்மா?" என்று கேட்கிறாள்.