ஏழாம் நம்பர் சூடு

இது கட்டுக்கதை இல்லங்க. என் மச்சானுக்கு நடந்தது. சிரிக்கிறவங்க தாராளமா சிரிச்சுட்டுப் போங்க... எனக்கென்ன வந்துச்சு?

மச்சானை வேலையிடத்துல 'டிகிரி'ன்னுதான் கூப்பிடுவாங்க. காலேஜ் வாசலை மிதிச்சதில்ல. ரோட்டோட சூட்டை அளக்கிற வேலை. அது புது மாதிரி ரோடு. தாரோட மெழுகு உருண்டைகளைக் கலந்து போட்டிருந்தாங்க. பகல்ல வெயிலைக் குடிச்சு மெழுகு உருகும். ராத்திரி இறுகும்போது அந்தச் சூட்டை மெல்ல விடும். விடியிற வரைக்கும் ரோடு இருபத்தெட்டு டிகிரியிலயே நிக்கணும். அதைப் பார்க்கத்தான் ராத்திரி வேலை.

அடியில பத்து சென்சார். அதுங்க காட்டுற சூடு ரோட்டோர ரூம்ல ஒரு பெட்டியோட திரையில வரும். புதைச்சது டிகிரியோட தம்பி. புதைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் கைக்குள்ள மூணு தடவை இறுக்கி இறுக்கி விடுவான். திரையில நம்பர் ஏறி இறங்கும். அண்ணன்காரன் ரூம்லேருந்து "வருதுடா!"ன்னு கத்துற வரைக்கும் மூணாவது பிடியை விட மாட்டான்.

அந்தத் தம்பியை ரெண்டு நாளாக் காணோம். அண்ணன் வாய்க்கு வந்தபடி திட்டினதுல கோவிச்சுட்டுப் போனவன். அம்மா பச்சத் தண்ணி குடிக்கல. "அவனைக் கூட்டிட்டு வாடா"ன்னு ஒரே அழுகை. டிகிரிக்கு இருப்பே கொள்ளல. உட்காருவான், எழுந்திருப்பான், போனைப் பார்ப்பான்.

மணி 2.51. பத்து சென்சார்லயும் 28.

2.58. ஏழாம் நம்பர் மட்டும் 31.

"என்ன எழவு இது?"

33... 36. இறங்குச்சு. மறுபடி 36.

டார்ச்சோட ஓடினான். ரோட்டுல ஈ காக்கா இல்ல. ஏழாவது இடத்துல கை வச்சுப் பார்த்தான். சுத்தி இருக்கிற மாதிரியேதான் இருந்துச்சு.

உள்ளே வந்தான். 3.09. மூணாவது தடவை... 36.

இறங்கவே இல்ல.

"வரு..."

பாதியிலயே வாயைப் பொத்திக்கிட்டான். சொல்லிட்டா தம்பி செத்துட்டான்னு ஒத்துக்கிற மாதிரி ஆயிடுமேன்னு பயம்.

3.12. பெட்டியை அணைச்சான்.

திரும்பப் போட்டான்.

28.

மறுநாள் மத்தியானம் போன் வந்துச்சு. நாப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்குவாரிப் பள்ளம். தம்பி இடுப்பு உடைஞ்சு கிடந்திருக்கான். முனகல் கேட்டு குவாரிக் காவல்காரர் இறங்கினப்ப ராத்திரி மணி மூணு. உயிர் இருந்துச்சாம்.

"'அண்ணன் இருக்கான், விட மாட்டான்'னு சொல்லிக்கிட்டே இருந்தான் தம்பி. ஆம்புலன்ஸ்காரங்க போன்லயே இருந்தாங்க, அதனால நேரம் நல்லாத் தெரியும். மூணு பன்னெண்டுக்கு மூச்சு நின்னுடுச்சு"ன்னாரு காவல்காரர்.

பெட்டியை அணைச்சதை டிகிரி என்கிட்ட மட்டும்தான் சொன்னான். அம்மாகிட்ட இன்னும் சொல்லல.