பட்டினிச் சட்டிக்கு ஒரு பிடி உரம்

“ஹவ், ஆமா லில்லி, அவதான், மூணாவது மாடிக்காரி. மருமக அமீர்பேட்டுல கம்ப்யூட்டர் படிக்கப் போறாளாம், மாமியாதான் டிபன் கட்டித் தராளாம். அது கிடக்கட்டும், நீ எதுக்கு ரோஜாத் தொட்டியில இப்படி உரத்தைக் கொட்டுற? நக்கோ, வேணாம்! செடிக்குக் கொஞ்சம் பசி இருக்கணும். சிரிக்காத. எட்டு வயசுல எங்க அப்பா வேலைக்கே உலை வெச்சுக் கத்துக்கிட்டேன்!”

பக்கத்து ஃப்ளாட் லில்லி உரப் பாக்கெட்டைக் கீழே வைத்தாள். கேட்க ஆள் கிடைத்தால் என் வாய் நிற்காது.

செகந்திராபாத் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணை. அப்பா அங்கே தினக்கூலித் தோட்டக்காரர். பண்ணை ஆபீசர், பெர்சீம் என்கிற மூன்றிலைத் தீவனப் பயிரில் நாலு ரகத்தைச் சட்டிகளில் வளர்த்தார். மாட்டுக்கு அது மைசூர்பாகு மாதிரி. ஒவ்வொரு ரகத்திலும் ஒரு வரிசைக்கு பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்து உரம், ஒரு வரிசைக்கு வெறும் மண். தண்ணீரும் காவலும் அப்பா பொறுப்பு. சோதனை ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று ஆபீசர் வாக்குக் கொடுத்திருந்தார். அம்மாவோ அதற்குள் பண்ணைக் குவார்ட்டர்ஸில் அடுப்பு எந்த மூலை என்று முடிவே செய்துவிட்டாள்.

உரம் தின்ற சட்டிகளில் தழை புசுபுசுவென்று நின்றது. வெறும் மண்ணில் விரல் உயரம்தான். பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. அது தவக்காலம் வேறு. “வெள்ளிக்கிழமைதோறும் ஏழைக்கு ஏதாவது கொடுங்க, யாருகிட்டயும் பீத்திக்காதீங்க” என்று ஞாயிறு வகுப்பில் சிஸ்டர் சொல்லியிருந்தார். எங்களைவிட ஏழை யார் என்று தேடினேன். அந்தச் சட்டிகள்தாம் அகப்பட்டன.

அப்பா டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து, வெள்ளிதோறும் உர மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி, ஒரு பட்டினி வரிசைக்குத் தூவித் தண்ணீரும் விட்டேன். தவக்காலம் முடிவதற்குள் அதுவும் தழைத்துவிட்டது. ஊரில் என்னைவிடப் புண்ணியவதி கிடையாது என்று நடந்தேன்.

ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால் ஆபீசர் வந்தார். செடிகளைப் பிடுங்கி வேரை அலசிப் பார்த்தார். மற்ற பட்டினிச் சட்டிகளில் தழை கொஞ்சம், வேர் மட்டும் சட்டியின் அடிவரை துழாவியிருந்தது. என் வரிசையில் தழை ஏகம், அதற்கு ஏற்ற வேர் இல்லை.

“அரே, இது ஏன் இப்படிக் கொழுத்திருக்கு? எந்த ரகம் பசியில வேரை நீட்டித் தேடுதுன்னு பாக்கத்தானே வெச்சேன்! உக்கார வெச்சு யாரு சோறு போட்டது?”

பெருமையோடு நான் முன்னே வந்தேன். என் பாவாடையில் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பொடியை அப்பா பார்த்துவிட்டார்.

“நான்தாங்க ஐயா. கை தவறிப் போட்டுட்டேன்.”

எனக்கு வந்த கோபம்! ஒரு தவக்காலம் முழுக்கச் சேர்த்த புண்ணியத்தை ஒரே வார்த்தையில் தன் பேருக்கு மாற்றிக்கொண்டாரே! மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அம்மா குவார்ட்டர்ஸ் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டாள். வேலை நிரந்தரமாகாமல் அப்பா தினக்கூலிக்கே போய்க்கொண்டிருந்தார்.

ஈஸ்டர் அன்று தன் தட்டிலிருந்த கறித்துண்டு இரண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். என் புண்ணியத்தைத் திருடியதற்குப் பரிகாரம் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய மனசு பண்ணி அவரை மன்னித்தும் விட்டேன்.

“நான் அவரை மன்னிச்சேனாம், கேட்டியா லில்லி! அவரு என்னடான்னா... அய்யய்யோ, தூறல் விழுதுடி! மாடியில மொளகா காயுது, ஓடு, ஓடு!”