கண்ணாடிக்காரரின் கன்னம்

கண்ணாடிக்காரர் குடிக்கிறாராமே! யார் பார்த்தது? கீழ்வீட்டு அக்கா சொன்னார் என்றால், எந்தக் கண்ணால் பார்த்தார் என்று முதலில் அவரைக் கேட்க வேண்டும். கண்ணாடிக்காரர் வீட்டில் இருந்த ஒரே சீசாவில் இருந்தது மண்ணெண்ணெய். அதுவும் விரல் நீளச் சீசா. கண்ணாடி வெட்டும் கட்டரின் சின்னச் சக்கரத்தை நனைக்க வைத்திருந்தது. மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டு ஒரு மனுஷன் காலை எட்டரைக்கு டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போவாரா? கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா?

எதிர்வீட்டுத் தையல்காரர் தைத்த கதை இன்னும் பிரமாதம். முகத்தைப் பெண்டாட்டி பிராண்டிவிட்டாளாம். அந்தப் பெண் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள். அவள் விரலில் நகம் என்று ஒன்று இருந்தால்தானே பிராண்டுவதற்கு!

முகத்தில் வெட்டு இருந்தது உண்மைதான். கன்னத்தில் இரண்டு, தாடையில் ஒன்று, தொண்டைக் குழிக்குப் பக்கத்தில் காகிதத் துணுக்கு ஒட்டியபடி ஒன்று. அதை யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எப்படி வந்தது என்று தெரியாமல் ஆளுக்கொரு கதை கட்டினால் சும்மா இருக்க முடியாது. நடந்தது இதுதான்.

கண்ணாடிக்காரர் இருபத்தாறு வருடமாக ஒரே கடையில் கண்ணாடி வெட்டுகிறவர். மேசையில் கம்பளியை விரித்து, கண்ணாடியைக் கிடத்தி, அளவுகோலை வைத்து, கட்டரை அழுத்தி ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தக் கூடாது. போட்ட கோட்டின்மேல் மறுபடி போகக் கூடாது. போனால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். இவர் கோடு போட்டுத் தட்டினால் பிஸ்கெட் மாதிரி ஒடியும். அந்தக் கர்வம் அவருக்கு நிறையவே இருந்தது. அதை மட்டும் மறைத்துச் சொல்லக் கூடாது.

சவரத்திலும் அதே கர்வம்தான். பிரஷ்ஷால் சோப்பை நுரைக்க நுரைக்கப் பூசுவார். காதோரத்தில் ரேசரை வைத்தால் தாடை வரை ஒரே இழுப்பு. பிளேடும் இருபத்தாறு வருடமாக ஒரே தினுசுதான், பச்சை அட்டையில் வருவது. கடையில் யாராவது கன்னத்தில் வெட்டோடு வந்தால் விடமாட்டார். "என்னப்பா, பூனையோட சண்டையா?" என்பார். பாவம், அந்த ஆள் பிளேடு சரியில்லை என்று முனகுவார். உடனே இவர், "பிளேடு என்னய்யா பண்ணும்? எல்லாம் கையில இருக்கு!"

அந்த வாய்தான் பிறகு அவரைக் கட்டிப்போட்டது.

ஒரு நாள் மூலைக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "பச்சை அட்டை இனிமே வராதுண்ணே. கம்பெனியையே மூடிட்டாங்களாம். இதக் கொண்டு போங்க, புதுசு. நல்ல கூர்மை."

மறுநாள் காலையில் வழக்கம்போல இழுத்தார். எரியக்கூட இல்லை. நுரைக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு கோடு எழுந்து வந்தபோதுதான் தெரிந்தது. படிகாரக் கட்டியைத் தேய்த்தார். அடுத்த நாள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்று ரேசரை இன்னும் இறுக்கிப் பிடித்து இழுத்தார். இரண்டு வெட்டு. மூன்றாம் நாள் ரேசரைக் கழுவும்போது அது வாஷ்பேசின் விளிம்பில் படபடவென்று தட்டியது. உற்றுப் பார்த்தார். ஆடியது ரேசர் இல்லை, கை.

அப்பாவின் ஞாபகம் வந்தது அப்போதுதான்.

அவருடைய அப்பா கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு நாள் அவர் கையில் இருந்த கோப்பை தட்டின்மேல் கடகடவென்று ஆடியது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த இரண்டு வருடத்தில், சட்டைப் பொத்தானைப் போட்டுவிட அம்மா வர வேண்டியதாயிற்று. கண்ணாடிக்காரருக்கு இப்போது வயது ஐம்பத்திரண்டு.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? பிளேடு சரியில்லை என்றால் கை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே பிளேடு மோசமாக இருக்க வேண்டுமே என்று அந்த மனுஷன் வேண்டிக்கொண்டார். இதுவரை எல்லோரிடமும் கையைத்தான் குறை சொன்னவர் அவர்! நீல அட்டை வாங்கினார், மஞ்சள் அட்டை வாங்கினார், அக்கம்பக்கத்தில் தெரியாமல் பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் போய் இன்னும் மூன்று தினுசு வாங்கினார். காலைக்கொரு பிளேடு, பிளேடுக்கொரு வெட்டு. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பார். தண்ணீர் தளும்பும். மூச்சை அடக்கினால் இன்னும் தளும்பும்.

"என்னங்க, உள்ளயே தூங்கிட்டீங்களா? எனக்கு கடைக்கு நேரமாச்சு!" என்று மனைவி கதவைத் தட்டுவாள்.

"இரும்மா, வரேன்."

வெளியே வந்தவரை ஒரு நாள் அவள் வழிமறித்தாள். "கீழ்வீட்டு அக்கா என்னப் பாத்து, 'கொஞ்சம் பொறுத்துப் போம்மா'ங்கிறாங்க. உங்க மூஞ்சிக்கு நான் பதில் சொல்லணுமா? அப்படி என்னதான் பண்றீங்க?"

"பிளேடு சரியில்ல."

"ஆறு பிளேடுமா சரியில்ல?"

அவர் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

அந்தக் கை கடையிலும் பைக்குள்ளேயேதான் இருந்தது. தோள்பட்டை வலி என்று சொல்லி, அளவு எடுப்பதும் சீட்டு எழுதுவதுமாக ஒன்பது நாளை ஓட்டினார். கட்டரைத் தொடவில்லை. முதலாளி வயதில் சின்னவர், ஆனால் கண் கூர்மை. புதன்கிழமை பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, சனிக்கிழமை ஜிம்முக்கு அந்தப் பெரிய கண்ணாடி. நீங்க வெட்டறீங்களா, இல்ல வெளியில ஆள் சொல்லட்டுமா?" சொல்லும்போதே அவர் பார்வை தாடையில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கின்மேல் போய் நின்றது.

"நானே வெட்டறேன்," என்றது வாய். பிறகுதான் யோசித்தார். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் கண்ணாடி. இரண்டு பேர் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க வேண்டும். கோடு வளைந்தால் உடைந்து விழுவது அவர்கள் கையில். முடியாது என்று சொன்னாலோ, அதோடு அவர் கண்ணாடிக்காரர் இல்லை. வேறு எந்த வேலையும் அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மச்சினன் வந்து சேர்ந்தான். பெயிண்டர். ஏணியிலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. முகத்தில் ஒரு வாரத் தாடி.

"மாமா, அரிப்பு தாங்கல. பேர்போன கை உங்களோடது. ஒரு ஷேவிங் பண்ணி விடுங்க."

"சலூனுக்குப் போயேன் மாப்ள."

"அங்க உக்காந்தா எப்படி விழுந்தன்னு கேப்பாங்க. இதுவரைக்கும் நாப்பது பேருக்கு சொல்லிட்டேன். எனக்கே அலுத்துப்போச்சு."

மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுக்க வழியில்லை. மச்சினன் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, தொண்டையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ரேசரில் இருந்தது மஞ்சள் அட்டை பிளேடு. அன்று காலையில்தான் அது இவர் கன்னத்தைப் பதம் பார்த்திருந்தது.

அடுத்தவன் தொண்டை. கண்ணாடிக்காரர் ரேசரை வைத்தார், ஆனால் அழுத்தத் துணியவில்லை. பிடியின் நுனியை மூன்று விரலால் பிடித்து, அதன் கனத்திலேயே அது நகரட்டும் என்று விட்டார். அரை விரல் அகலம் போனதும் நிறுத்தினார். "எரியுதா மாப்ள?" "இல்ல மாமா." மறுபடி அரை விரல். கழுவினார். மறுபடி. ஒரு கன்னம் முடியக் கால் மணி நேரம் ஆயிற்று. மறு கன்னத்துக்கு வரும்போது மச்சினன் குறட்டையே விட ஆரம்பித்துவிட்டான். ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

மனைவி கிட்டே வந்து தம்பியின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, இவன் மூஞ்சில தடவுறீங்க. உங்க மூஞ்சில மட்டும் கண்ணாடி வெட்டுறீங்களா?"

அவர் அப்படியே பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பச்சை அட்டை பிளேடு மொண்ணை. இவர் அழுத்திய அழுத்தத்தில்தான் அது மயிரையே வெட்டியிருக்கிறது. இருபத்தாறு வருடமாகத் தன் கைத்திறமை என்று நினைத்து ஊரையெல்லாம் கிண்டலடித்தது, ஒரு மொண்ணை பிளேடின் தயவு. வெட்கத்தில் காது மடல் சூடானது. பிறகு, யாரும் கேட்காமலே, அப்பாவின் கோப்பையைப் பற்றி மனைவியிடம் சொன்னார். டம்ளர் தண்ணீரைப் பற்றியும் சொன்னார்.

அவள் சிரிக்கவில்லை. "நாலு மணி நேரம் மாவு பிசைஞ்சிட்டு வந்து டம்ளரப் பிடிச்சா எனக்குந்தான் தளும்புது. இறுக்கிப் பிடிச்சா எந்தக் கைதான் ஆடாது?"

"அது மட்டுந்தானா?"

"அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. திங்கக்கிழமை டாக்டரப் பாப்போம். நானும் வரேன்."

அப்பாவுக்கு வந்தது தனக்கும் வந்திருக்கிறதா என்று ஒரு டாக்டர் தன் கையைப் பார்க்கப்போகிறார் என்று நினைத்ததும் அவருக்குப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனாலும் "சரி" என்றார்.

சனிக்கிழமை காலை குளியலறைக் கதவு திறந்தே இருந்தது. அதே மஞ்சள் அட்டை பிளேடு. அரை விரல், நிறுத்தம், அரை விரல். பழக்கம் விடுமா? மோவாய்க்குக் கீழே கை தானாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டது. சின்ன வெட்டு. படிகாரத்தைத் தேய்த்தார், காகிதம் ஒட்டி மறைக்கவில்லை. கட்டரையும் மண்ணெண்ணெய்ச் சீசாவையும் எடுத்துக்கொண்டார்.

"முதலாளிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் மனைவி.

"உள்ளதச் சொல்லப் போறேன். முதல்ல துண்டுக் கண்ணாடில நாலு கோடு போட்டுக் காட்டறேன். அதுல வளைஞ்சா, வெளியாள வரச் சொல்லுங்கன்னு நானே சொல்லிடறேன். பிடிக்கிறவங்களுக்கும் கை இருக்குல்ல?"

கீழ்வீட்டு அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். கண் நேராக மோவாய்க்குப் போனது. "என்ன தம்பி, இன்னைக்கும் பூனையா?"

ஊருக்கெல்லாம் கண்ணாடிக்காரர் சொன்ன அதே கிண்டல்.

"இல்லக்கா. எனக்கு ஷேவ் பண்ணத் தெரியல. நேத்துலேருந்துதான் கத்துக்கிறேன்."

கண்ணாடிக்காரர் கதவைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டார். இத்தனை நாளாகப் பைக்குள் ஒளிந்திருந்த வலது கை அன்று வெளியே, எல்லோரும் பார்க்கும்படி, உடம்போடு சேர்ந்து முன்னும் பின்னும் வீசிக்கொண்டு போனது.