பியர் லைசென்ஸும் ஒரு தட்டுப் பழமும்

சிங்கப்பூர் தேக்காவில் நட்ட நடுப்பகலில், கடை முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதையில் ஸ்டூலைப் போட்டு ஒருவர் பியர் குடிக்கிறார். பக்கத்திலேயே பூக்கடை. போலீஸ்காரர் தாண்டிப் போகிறார், திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கப்பலிலிருந்து இறங்கிப் பதினெட்டு வருஷமாகியும் இதைப் பார்த்தால் என் கண் முதலில் போலீஸ்காரர் பக்கம் ஓடும். ஊரில் மதுவிலக்கு. சந்தையிலிருந்து திரும்புகிறவனை நிறுத்தி, "ஊதுடா" என்று வாயை முகர்ந்து பார்க்கும் போலீஸைப் பார்த்த கண் இது. அப்படிப்பட்ட ஊர்க்காரன், இங்கே பியர் விற்க லைசென்ஸ் கேட்டு அலைந்ததைச் சொல்கிறேன். ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு அசிங்கமாக இருந்தால் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

நான் குடிக்கிறவன் இல்லை. ஒரு சொட்டு இந்த நாக்கில் பட்டதில்லை. ஆனால் பத்து வருஷம் வெள்ளைக்காரர் கிளப் ஒன்றின் பாரில் நின்று ஊற்றினேன். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, நுரை இரண்டு விரல் உயரத்துக்கு நிற்கும்படி ஊற்ற என்னைவிட்டால் அங்கே ஆளில்லை. வேலை பிடித்திருந்தது. கூப்பிடுவதுதான் பிடிக்கவில்லை. "பாய்!" என்பார்கள். பையன் என்று அர்த்தம். எனக்கு நாற்பது வயது. ஊரில் மூத்த மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. நேற்று மீசை முளைத்த சோல்ஜர் விரலைச் சொடுக்கி "பாய்" என்றால், "எஸ் சார்" என்று ஓட வேண்டும். எனக்கென்று ஒரு கடை வேண்டும், அதில் எவனும் என்னைப் பையன் என்று கூப்பிடக் கூடாது. லைசென்ஸ் கேட்டது அதற்காகத்தான். வேலையை விட்டுவிட்டேன். லைசென்ஸ் கிடைக்காவிட்டால் அதே கிளப்பில் அதே கதவைத் தட்டி மறுபடியும் பாயாக நிற்க வேண்டும்.

விண்ணப்பம் போட்டதும் கடையைப் பார்க்க அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. இங்கே புது அரசாங்கம் வந்த புதிது. லஞ்சம் என்ற சொல்லுக்கே ஆபீஸ்கள் நடுங்கிய காலம். எனக்கும் தெரியும். ஆனால் கடைக்கு முதன்முதலாக வருகிற பெரிய மனிதரை வெறுங்கையோடு வரவேற்பது எப்படி? ஊரில் தாசில்தாரைப் பார்க்கப் போனால் ஓர் எலுமிச்சம்பழமாவது கையில் இருக்கும். அது லஞ்சமா? மரியாதை. எவர்சில்வர் தட்டில் இரண்டு ஆப்பிள், ஒரு சீப்பு வாழைப்பழம், எலுமிச்சை, வெற்றிலை பாக்கு, கற்கண்டு எல்லாம் வைத்து வாசலில் நின்றேன்.

வந்தவர் சீன இளைஞர். தட்டைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

"வாட் இஸ் திஸ்?"

"ஃபார் யூ, சார். ரெஸ்பெக்ட்."

"டேக் அவே!"

பணம் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று, வெற்றிலையை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். "நோ மணி, சார். நோ மணி!" அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து நின்ற இடத்திலேயே எழுத ஆரம்பித்தார். நான் சொன்ன அந்த 'மணி'யைத்தான் எழுதினார் என்று பிறகு தெரிந்தது.

லைசென்ஸ் போர்டு விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு வெள்ளைக்காரர், ஒரு பக்கம் வயதான சீன வியாபாரி, மறுபக்கம் கோட்டு போட்ட நம்மவர், நெற்றியில் மெல்லிய திருநீறு. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. மொழிபெயர்க்க நாகூர்க்காரர் காதர் நானா நின்றார். அதிகாரிக்கு எதையோ கொடுக்க முயன்றதாகப் புகார் இருக்கிறதே என்று வெள்ளைக்காரர் கேட்டார். எங்கள் வழக்கம் என்றேன். அவர் நம்மவர் பக்கம் திரும்பினார்.

நம்மவர் என்னைப் பார்க்கவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டே ஆங்கிலத்தில், "இப்படி ஒரு வழக்கம் எனக்குத் தெரியாது" என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "ஏன்யா, உங்க வீட்டுக் கல்யாணத்துக்குத் தட்டு தூக்காமலா பொண்ணு கேட்டீங்க? நெத்தியில பட்டை மட்டும் தெரியும், பழத்தட்டு தெரியாதா?"

காதர் நானா என் முழங்கையைக் கிள்ளினார். "சும்மா இருங்கண்ணே, காரியத்தைக் கெடுத்துக்காதீங்க லா." பிறகு சபையைப் பார்த்து ஆங்கிலத்தில், "மன வருத்தமாக இருக்கிறதாம்" என்றார். அவ்வளவுதான் மொழிபெயர்ப்பு.

அப்போது அந்தச் சீனக் கிழவர் வாயைத் திறந்தார். என்னிடம் மலாயில் கேட்டார்: "ஆப்பிள் எத்தனை?"

"ரெண்டு."

"ஏன் ரெண்டு? ஒன்று போதாதா?"

"ஒத்தையா யாராவது கொடுப்பாங்களா?"

கிழவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். தங்கள் புத்தாண்டுக்குத் தானும் இரண்டு ஆரஞ்சோடுதான் வீடு வீடாகப் போவதாகவும், அதற்காகத் தன்னை முதலில் பிடித்துப் போடுங்கள் என்றும் மற்ற இருவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். எச்சரிக்கை எழுதி லைசென்ஸ் கொடுத்தார்கள். வெளியே வந்த நம்மவர் என்னிடம் தமிழில் மெதுவாக, "தப்பா எடுத்துக்காதீங்க, என் நிலைமை அப்படி" என்றார். நான் லைசென்ஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். அந்த 'நிலைமை'யை இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கடை திறந்த வாரம் ஒரு சோல்ஜர் நுழைந்து "பாய்!" என்றான். "நோ பாய் ஹியர். மிஸ்டர் சுப்பையா" என்றேன். விழித்தான், பிறகு, "ஒன் பியர், மிஸ்டர் சுப்பையா" என்றான். நுரை இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது.

சில வருஷம் கழித்து, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டோடு ஊருக்குப் போனேன். சென்னைத் துறைமுகத்தில் அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "குடிக்க பெர்மிட் வேணுமா சார்?" என்றார்.

"எனக்கா? நான் தஞ்சாவூர்க்காரன்யா."

"இருக்கட்டும் சார். ஃபாரினர்னா குடிக்கலாம். இந்த ஊர்க்காரங்களுக்குத்தான் கிடையாது."

கம்பிக்கு அந்தப் பக்கம் தம்பி கையாட்டிக்கொண்டு நின்றான். ஒரு மடக்கு குடித்தால் அவனுக்கு ஜெயில்; குடிக்காத எனக்கு அரசாங்க அனுமதி. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். என்ன கோபமோ, கொடுங்கள் என்று வாங்கினேன். அந்தக் காகிதத்தில், வெளிநாட்டவர் இந்தியாவில் தங்கப்போகும் முகவரி என்று கேட்டிருந்தது. நான் பிறந்த வீட்டின் கதவு எண்ணை எழுதினேன்.